விடியாத ஊரும் உருகாத ஊரும்

நம் பங்கு இல்லத்தின் முன்னறைச் சுவரில் பழைய உலகப்படம் ஒன்று தொங்குகிறது. ஓரங்கள் நைந்து, தென் அமெரிக்காவின் வால் நுனியில் சிறு பொத்தலும் விழுந்துவிட்ட படம்தான். ஆயினும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிறுவர் நாலைந்து பேர் அதன்முன் கூடாத வாரமில்லை. ஒருவன் ஊர்ப் பெயரைச் சொல்வான். மற்றவர் விரலோட்டித் தேடுவர். சென்ற மாதம் அவர்களுள் ஒருவன், நாற்காலி மீதேறி, கனடா நாட்டின் வடகோடித் தீவுகளுக்கிடையே இரண்டு சிறு புள்ளிகளைக் கண்டுபிடித்தான். ஒன்று ரெசலூட், மற்றொன்று கிரீஸ் ஃபியோர்டு. உடனே பையிலிருந்த அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து, படத்தின் அடியில் நடுக்கோட்டருகே அச்சிட்டிருந்த அளவையோடு ஒப்பிட்டுக் கணக்கும் போட்டு, "சாமி! இந்த ரெண்டு ஊருக்கும் நடுவிலே ஆயிரத்து ஐந்நூறு கிலோ மீட்டர்!" என்று அறிவித்தான்.

அவன் போட்ட கணக்கில் பிழையில்லை; கிடைத்த விடைதான் பிழை. ரெசலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு விமானம் பறந்து செல்லும் தூரம் சுமார் 385 கி.மீ. மட்டுமே. "மீதி ஆயிரத்துச் சொச்சம் எங்கே போச்சு, சாமி?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை காண நூல்களைப் புரட்டப் புகுந்த நாம், ஊர்களுக்கு இடையேயுள்ள தூரம் என்பது எத்தனை வகைப்படும் என்பதை அறிந்து வியந்தோம். முடிவில் வருந்தவும் செய்தோம். இருந்த இடத்தை விட்டு அசையாமலே செய்த அந்தப் பயணத்திற்கு அன்பார்ந்த வாசகர்களையும் அழைக்கின்றோம்.

படம் சொன்ன பொய்

உருண்டையான உலகத்தைத் தட்டையான தாளில் விரிப்பது எளிதன்று. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துப் பலகைமேல் அழுத்திப் பாருங்கள், ஓரங்கள் கிழியும். கிழியாமல் படிய வேண்டுமாயின், அந்த ஓரங்களை இழுத்து நீட்டியே ஆகவேண்டும். 1569 ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்னும் நிலப்பட வல்லுநர் செய்தது இதைத்தான். திசை தவறாது கப்பல் செலுத்த மாலுமிகளுக்கு அவருடைய படம் பேருதவியாக அமைந்தது. ஆனால் நடுக்கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் விலக விலக, அதில் நிலங்கள் உள்ளதைவிடப் பருத்துத் தோன்றும். நம் பங்கு இல்லத்துப் படமும் அம்முறையில் வரையப்பட்டதே.

மேலும், தீர்க்கரேகைகள் குடையின் கம்பிகளைப் போன்றவை. விளிம்பில் விலகி நிற்பவை உச்சியில் ஒன்றுகூடுகின்றன. நடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகைக்கு 111 கி.மீ. அகலம். இவ்விரு ஊர்களின் அருகிலோ அது சுமார் 28 கி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. ரெசலூட் 74 பாகைக்கும், கிரீஸ் ஃபியோர்டு 76 பாகைக்கும் வடக்கே அமைந்தவை. அங்கே படம் எதையும் நான்கு மடங்காக நீட்டிக் காட்டும். சிறுவன் கண்ட 1,500 கிலோ மீட்டரை நான்கால் வகுத்தால் உண்மைத் தூரம் வந்துவிடுகிறது.

வான்வழியே ஒன்றரை மணி நேரம்

அளவுகோலை வைத்துவிட்டு இனி விமானத்தில் ஏறுவோம்.

ரெசலூட் என்பது கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் உள்ள சிற்றூர். 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 183 பேர். 1845 இல் வடகடல் வழி தேடிச் சென்று காணாமற்போன ஃபிராங்க்ளின் குழுவினரைத் தேடி வந்த கப்பல்களுள் ஒன்றின் பெயரே ஊருக்கும் அமைந்தது. அப்பகுதியின் மண்ணின் மைந்தராகிய இனுயிட் மக்கள் (நம் பழைய பாடநூல்கள் எஸ்கிமோக்கள் என்று குறித்தது இவர்களையே) இவ்வூரைக் கௌசுயிட்டுக் என்பர். 'விடியாத இடம்' என்பது அதன் பொருள். பெயர் மிகையன்று. நவம்பர் தொடக்கத்தில் மறையும் கதிரவன் பிப்ரவரித் தொடக்கத்தில்தான் மீண்டும் தலைகாட்டுவான். கோடையிலோ அவன் மறைவதே இல்லை.

இங்கே 1947 இல் வானிலை நிலையமும், அதன்பின் விமானத் தளமும் ஏற்பட்டன. சரளைக்கல் பரப்பிய ஓடுபாதை ஏறத்தாழ 2,000 மீட்டர் நீளமுடையது. தெற்கேயிருந்து பெரிய விமானங்கள் வந்திறங்க அது போதும். அதற்கு அப்பால் கிரீஸ் ஃபியோர்டுக்குச் செல்ல வேண்டுமாயின், 'ட்வின் ஆட்டர்' என்னும் சிறு விமானத்திற்கு மாறவேண்டும். கனடாவில் உருவாகி 1965 இல் முதன்முதல் பறந்த இரட்டை எஞ்சின் விமானம் அது. நிறைந்தால் பத்தொன்பது பேர் அமரலாம். ஆனால் வடபுலத்தில் ஆட்களோடு தபால் மூட்டைகளும் உணவுப் பெட்டிகளும் இடம் கேட்கும்.

விமானம் எழுந்து கிழக்கும் வடகிழக்குமாகத் திரும்புகிறது. முதலில் வெல்லிங்டன் கால்வாய் என்னும் உறைகடல். அதைக் கடந்தால் டெவன் தீவு. மனிதர் குடியேறாத தீவுகளுள் உலகிலேயே பெரியது. மரமில்லை, புதரில்லை; பழுப்பு நிறக் கல்லும் வெண்ணிறப் பனியும் மட்டுமே. ஏறத்தாழ நடுவழியில் ஹாட்டன் பள்ளம் தென்படும். முன்னொரு காலத்தில் விண்கல் மோதியதால் உண்டான, 20 கி.மீ.க்கும் மேல் அகலமுள்ள வட்டப் பள்ளம் அது. செவ்வாய்க் கோளில் மனிதர் இறங்கினால் எவ்வாறு நடமாடுவது என்று ஆராய்வோர் பயிற்சிக்கென இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தனர் என்றால், நிலத்தின் தன்மையை ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் ஜோன்ஸ் நீரிணை. அதன் வடகரையில் எல்ஸ்மியர் தீவு. அங்கே செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வீட்டு வரிசைகளே கிரீஸ் ஃபியோர்டு. 2021 இல் மக்கள் தொகை 144. கனடாவின் குடிமக்கள் வாழும் ஊர்களுள் இதற்கு வடக்கே வேறு ஊர் கிடையாது.

இனுயிட் மக்கள் இதை ஔயுயிட்டுக், அதாவது 'என்றும் உருகாத இடம்' என்பர். கிரீஸ் ஃபியோர்டு என்ற பெயரோ நார்வே நாட்டு ஸ்வெர்ட்ரூப்பின் குழுவினர் இட்டது. 1898 முதல் 1902 வரை இப்பகுதிகளை ஆராய்ந்த அவர்களுக்கு, இங்குள்ள வால்ரஸ் என்னும் கடல்விலங்குகளின் உறுமல் பன்றிகளின் உறுமலாகக் கேட்டதாம்! 'பன்றி நீர்முகம்' என்று பெயரிட்டுச் சென்றுவிட்டனர்.

இந்தப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். நம் ஊர்களில் ஓர் இரவுப் பேருந்தில் தூங்கிக் கடக்கும் தூரமே. ஆனால் கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சுமார் 500 மீட்டர்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். விமானி கண்ணால் கண்டே இறங்கவேண்டும். மேகம் கவிந்தாலோ, மலையிலிருந்து குறுக்குக் காற்று வீசினாலோ, வந்த 385 கிலோ மீட்டரையும் திரும்பிப் பறக்க வேண்டியதுதான். பயணச் சீட்டில் எந்த நாளை எழுதியிருந்தாலும், புறப்படும் நாளைக் குறிப்பது அங்கே வானிலையே.

திசைகாட்டியும் இப்பகுதியில் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பூமியின் வடகாந்த முனையை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831 இல் கண்டறிந்தது இந்தத் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கேதான். இருபதாம் நூற்றாண்டில் அம்முனை இத்தீவுகளினூடே வடக்கு நோக்கி நகர்ந்தது. இவ்வளவு அருகில் காந்த ஊசி வழிகாட்டுவதற்குப் பதில் தடுமாறுகிறது. 2011 ஆகஸ்ட் 20 அன்று, ரெசலூட்டில் இறங்கவிருந்த விமானம் ஒன்று ஊரருகே குன்றில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 15 பேரில் 12 பேர் மாண்டனர். திசைகாட்டும் அமைப்பில் நேர்ந்த பிழையும் காரணங்களுள் ஒன்று என விசாரணையில் தெரியவந்தது.

ஆயினும் வானைத் தவிர வேறு வழியில்லை. 1999 இல் தனி ஆட்சிப்பகுதியாக அமைந்த நுனாவுட்டில் 25 ஊர்கள் உள்ளன. வெளியிலிருந்து அவற்றிற்குச் செல்லும் நெடுஞ்சாலை எதுவும் இல்லை. சரக்குக் கப்பல் கோடையில் மட்டுமே வரும். நிறைமாதக் கர்ப்பிணிப் பெண் பேறுகாலத்திற்குப் பல வாரங்கள் முன்னரே விமானமேறி, 1,500 கி.மீ.க்கும் அப்பால் உள்ள இக்கலூயிட் நகருக்குச் சென்று, அங்கே தன் வீட்டாரைப் பிரிந்து நாள் எண்ணிக் காத்திருக்கவேண்டும். பிள்ளையோடு திரும்பும்போதும் அதே சிறு விமானம், அதே மலையோரப் பாதை.

ஒரே கப்பலில் ஏறியவர்கள்

இவ்வளவு கடினமான இடங்களில் இம்மக்கள் எவ்வாறு குடியேறினர்? தொன்றுதொட்டு அங்கேயே வாழ்ந்தவர்கள் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று என்று அறிந்தபோது, கையிலிருந்த நூலைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டோம்.

இவர்களுள் பலருடைய முன்னோரின் ஊர் கியூபெக் மாநிலத்தின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள இனுக்யுவாக். ரெசலூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் ஏறத்தாழ 2,000 கி.மீ. தெற்கே உள்ளது. அங்கும் குளிர் கடுமைதான். ஆயினும் பறவைகளும் பழச்செடிகளும் உண்டு. நடுக்குளிர்காலத்திலும் கதிரவன் உதிப்பான். 1953 ஆம் ஆண்டு கோடையில் கனடா அரசு அங்கிருந்து ஏழெட்டுக் குடும்பங்களை வடக்கே கொண்டு செல்லத் திட்டமிட்டது. நரித்தோல் விலை வீழ்ந்து அம்மக்கள் அரசின் உதவியை நம்பியிருக்க நேர்ந்தது. வடக்கே வேட்டை மிகுதி. சென்றால் பழையபடி தம் காலில் நிற்பார்கள் என்பது அரசு கூறிய காரணம். ஆளில்லா அத்தீவுகளின்மீது தன் உரிமையை நிலைநாட்டிக்கொள்ள, அங்கே குடிகள் இருக்கவேண்டும் என்று கனடா கருதியதே உண்மைக் காரணம் என்று அம்மக்கள் பின்னர் வாதிட்டனர். இரண்டு ஆண்டுகளில் விரும்பினால் திரும்பலாம் என்று தமக்கு வாக்களிக்கப்பட்டதாகவும் அவர்கள் கூறினர்.

ஜூலை இறுதியில் 'சி.டி. ஹவ்' என்ற அரசுக் கப்பலில் அவர்கள் ஏறினர். தம்பதியர், குழந்தைகள், முதியோர், நாய்கள், கூடாரங்கள் எல்லாம் ஒரே கப்பலில். மாதங்கள் நீளும் இருளில் வேட்டையாடக் கற்றுக்கொடுப்பதற்கென, வழியில் பாண்ட் இன்லெட் என்ற ஊரிலிருந்தும் சில குடும்பங்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. அனைவரும் ஓரிடத்தில் சேர்ந்து வாழப்போவதாகவே இனுக்யுவாக் மக்கள் நம்பியிருந்தனர். உறவினர் உறவினரோடு இருப்பதானால் எந்தக் குளிரையும் தாங்கலாம் அன்றோ?

எல்ஸ்மியர் தீவின் அருகே கப்பல் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் ஓரிடத்தில் இறக்கப்படப் போவதில்லை. ஒரு பகுதியினர் எல்ஸ்மியர் தீவில் இறங்கவேண்டும். மற்றவர் வேறொரு கப்பலில் ஏறி ரெசலூட்டுக்குச் செல்லவேண்டும். ஜான் அமகோலிக் என்பவர் அப்போது அந்தக் கப்பலில் இருந்த சிறுவன். பின்னாளில் நுனாவுட்டின் தந்தை என்று போற்றப்பட்டவர். அந்தச் செய்தி கேட்ட கணத்தில் பெண்கள் கதறி அழுததையும், அவ்வழுகையைக் கேட்டு நாய்களும் ஊளையிட்டதையும் அவர் நினைவுகூர்ந்து சொல்லியிருக்கிறார்.

நம் சிறுவன் அளவுகோலால் அளந்த கோடு அன்றுதான் வரையப்பட்டது. 385 கி.மீ. என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. உறவினர் கூட்டத்தின் நடுவே அதிகாரிகள் இழுத்த கோடு.

இறக்கிவிடப்பட்டபோது கோடை முடிந்திருந்தது. வீடுகள் இல்லை, கூடாரங்களே இருந்தன. பனிவீடு கட்டுவதற்கு ஏற்ற பனி விழும்வரை அவற்றிலேயே நடுங்கவேண்டியிருந்தது. தெற்கே அவர்கள் அறிந்திருந்த வேட்டை வேறு. இங்கு உள்ளது வேறு. கஸ்தூரிக் காளையைக் கொல்லச் சட்டம் தடை செய்தது. பின்னர் நவம்பர் வந்தது, கதிரவன் மறைந்தான், மறுநாள் உதிக்கவில்லை. மூன்று மாத இரவை வாழ்நாளில் கண்டிராத குழந்தைகளுக்குத் தாய்மார் என்ன சொல்லித் தேற்றியிருப்பர்?

எல்ஸ்மியரில் இறங்கியவர்களுள் பாடி அகியாடுசுக் என்ற சிற்பியும் ஒருவர். கல்லில் அவர் செதுக்கிய உருவங்கள் புகழ் பெற்றவை. அடுத்த ஆண்டே, 1954 இல், அவர் இறந்தார். அவருடைய வளர்ப்பு மகன் ஜோசபி தந்தையோடு வாழவென்று 1955 இல் குடும்பத்துடன் அதே தீவுக்கு வந்தார். வந்தவரை வரவேற்கத் தந்தை இல்லை. அந்நாளில் அங்கே செய்திகள் மனிதரைவிட மெதுவாகவே பயணம் செய்தன.

திரும்பியவர்களும் தங்கியவர்களும்

இரண்டு ஆண்டுகள் என்று சொல்லப்பட்டது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 1980களில் இம்மக்கள் தம் வழக்கை நாட்டின்முன் வைத்தனர். அதன் பயனாக 1989 இல் பலர் அரசின் செலவில் இனுக்யுவாக் திரும்பினர். முடிந்தது துன்பம் என்று நினைக்கின்றீர்களா? இல்லை. வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊராகிவிட்டது. பெற்றோர் தெற்கே செல்ல, மணமாகிய மக்கள் வடக்கே தங்கினர். ஒருமுறை பிரிக்கப்பட்ட குடும்பங்கள் இரண்டாம் முறையும் பிரிந்தன. இம்முறை 385 அன்று, 2,000 கி.மீ.

1994 இல் கனடாவின் அரச ஆணைக்குழு இவ்விடமாற்றத்தை ஆராய்ந்து, மன்னிப்பும் இழப்பீடும் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1996 இல் ஒரு கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. மன்னிப்புக்கு மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2010 ஆகஸ்ட் 18 அன்று, அக்குடும்பங்கள் கப்பலேறிய அதே இனுக்யுவாக்கில், அரசின் அமைச்சர் ஒருவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டியவர்களுள் பலர் அதற்குள் மண்ணுக்குள் சென்றிருந்தனர்.

அதே ஆண்டில் இரண்டு ஊர்களிலும் நினைவுச் சிலைகள் எழுந்தன. கிரீஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய சிலையில், ஒரு தாய், அருகே சிறுவன், ஒரு நாய். அந்தத் தாயின் கண்கள் ரெசலூட் இருக்கும் திசையை நோக்குகின்றன. ரெசலூட்டில் சிமியோனி அமகோலிக் செதுக்கியது, தனித்து நிற்கும் ஓர் ஆண். அவன் முகம் கிரீஸ் ஃபியோர்டு இருக்கும் திசைக்குத் திரும்பியிருக்கிறது. இடையே ஜோன்ஸ் நீரிணை, டெவன் தீவு, வெல்லிங்டன் கால்வாய். மூன்று மாத இருளிலும், மூன்று மாத வெயிலிலும் இருவரும் பார்த்துக்கொண்டே நிற்கின்றனர். சிறு விமானம் அவர்களுடைய பார்வையின் வழியிலேயே பறந்து செல்கிறது. இறங்குகிறவர்களுள் பேரனும் இருப்பான், பேத்தியும் இருப்பாள். சிலைகளுக்கு மட்டும் பயணமில்லை.

சிறுவனுக்குச் சொன்ன விடை

அடுத்த ஞாயிறு அவன் மறவாமல் வந்து நின்றான். மெர்க்காட்டரையும் ஆரஞ்சுத் தோலையும் பற்றிச் சொன்னோம், பளிச்சென்று விளங்கிக்கொண்டான். சிலைகளைப் பற்றியும் சொன்னோம். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அவங்களைக் கேட்டிருக்கலாமே, சாமி?" என்றான்.

அதைவிடச் சுருக்கமாக அந்த ஆணைக்குழுவாலும் சொல்ல இயலாது என்று நமக்குத் தோன்றியது. அத்திட்டத்தை வகுத்த அதிகாரிகள் அனைவரும் கொடியவர் என்று நாம் கூறத் துணியவில்லை. "எல்லாம் அவர்கள் நன்மைக்கே" என்று மனமார நம்பியோரும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஆனால் யாருடைய நன்மைக்கென்று ஒரு காரியம் செய்கிறோமோ, அவர்களிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டறியாத நன்மை, நன்மையாக முடிவதில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, எல்ஸ்மியர் தீவு வெகு தூரம் என்று எண்ணிவிடாதீர்கள். பங்கில் வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. முதிர்ந்த தந்தை மூத்த மகன் வீட்டில் இருப்பார். தாய் இளைய மகன் வீட்டில் இருப்பார். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பிள்ளைகள் செய்த ஏற்பாடு. "இருவருக்கும் நல்லதுதானே, சாமி" என்பார்கள். இடையே உள்ள தூரம் இரண்டு தெருவாக இருக்கலாம். இரண்டு மாவட்டமாகவும் இருக்கலாம். ஐம்பது ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ்ந்தவர்களிடம், இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்டுப் பாருங்கள். இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்.